சதுப்பில் நட்ட கொடிகள்

அந்தச் சனிக்கிழமை காலை மரக்காணம் பக்கத்து உப்புச் சதுப்புக்கு நானும் மகள் அகிலாவும் போனபோது, யாருமே வராத இடம் என்று நாங்கள் தேர்ந்தெடுத்திருந்த சேற்றில் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள். ஒருவர் வாஸ்து பார்த்துக்கொண்டிருந்தார்.

திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் நான் விலங்கியல் ஆசிரியை. அகிலா அப்போது விழுப்புரத்தில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தாள். ஆள் நடமாட்டத்தால் சதுப்பு நண்டுகளின் நிறம் மங்குகிறதா என்பது அவளுடைய ப்ராஜெக்ட். அது தேறாவிட்டால் ஓர் ஆண்டு வீண். அவள் சேற்றில் புதைந்துவிடுவாளோ, பாம்பு கடித்துவிடுமோ என்ற பயத்தில் நானும் துணைக்குப் போவேன்.

ஆட்கள் குறுக்கே நடக்கும் பஸ் ஸ்டாப் ஓரம் ஒரு சைட். அதோடு ஒப்பிட, உள்ளே தள்ளி, யாரும் போகாத கண்ட்ரோல் சைட் இன்னொன்று. எல்லை தெரிய அதன் மூலைகளில் முந்தைய வாரமே கல் ஊன்றிச் சிவப்புக் கொடி கட்டியிருந்தோம். நண்டின் நிறத்தைப் பெயிண்ட் கடை ஷேட் கார்டோடு ஒப்பிட்டுக் குறித்திருந்தோம்.

கல், கொடி, ஷேட் கார்டு. எங்கள் ஊர்ப் பக்கம் இதற்கு ஒரே அர்த்தம்தான்.

மயிலத்திலிருந்து மனைவியோடு வந்திருந்த விவசாயி கேட்டார்: "கார்னர் பிளாட்டு எவ்ளோங்கம்மா?"

"பிளாட்டு இல்லிங்க. நண்டு ஆராய்ச்சி. இங்க ஒரு சத்தம், தொந்தரவு இருக்கக் கூடாதுங்க."

அவர் மனைவியிடம் திரும்பினார். "பாத்தியா, அமைதியான எடமாம்."

இது அரசு நிலம், விற்க முடியாது என்றேன். பட்டா வரக் கொஞ்சம் நாளாகும் என்று புரிந்துகொண்டார். கோலியனூர் நிலப் புரோக்கர் ஒருவர் வந்தவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். கலைந்து போகச் சொன்னதற்கு, "நீங்க பாட்டுக்கு ஆராய்ச்சி பண்ணிக்கினே இருங்க மேடம், பார்ட்டிக்கு நம்பிக்கை வரும்" என்றார்.

அடுத்தடுத்த வாரங்களில் கூட்டம் பெருகியது. கண்ட்ரோல் சைட் நண்டுகள் சேற்று நிறத்துக்கு மங்கின. ப்ராஜெக்ட் போயிற்று என்று நான் அழுதேன். அகிலா பஸ் ஸ்டாப் பக்கம் போய்ப் பார்த்தாள். அங்கே நடந்தவர்களெல்லாம் வேடிக்கை பார்க்க உள்ளே போய்விட்டதால் சேறு வெறிச்சோடிக் கிடந்தது. மங்கியிருந்த நண்டுகள் பளீரென்று ஆரஞ்சு நிறத்தில் திரிந்தன.

"அம்மா, ஜனங்க எடம் மாறுனாங்க, கலரும் மாறிடுச்சு. நான் தேடுன பதிலே இதானே?"

நடந்ததை நடந்தபடியே எழுதினாள். தேறினாள்.

களப்பணிக்குப் போகும் இளையவர்களுக்கு நான் சொல்வது: சும்மா விட்டுவைக்க வேண்டிய இடத்தில் கொடி நடாதீர்கள். அகிலா இப்போது ஆய்வு மாணவி. சைட்டை செல்போனில் மட்டும் குறித்துக்கொள்கிறாள். எங்கே என்று என்னிடம்கூடச் சொல்வதில்லை. கேட்டால், "நீ குடையும் டிபன் பாக்ஸும் தூக்கிக்கினு வந்து நிப்பம்மா. நண்டு மங்கிடும்" என்கிறாள்.