புத்தூர் பஸ்ஸும் ஒற்றைச் சொல் வாக்கியமும்

ஆசிரியர் தேர்வுக்காக முப்பத்தைந்து வயதில் திருப்பதியில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். சித்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். ஆங்கிலம் நடத்தியவர் என்னைவிட இளையவர். எங்கள் பக்கத்துத் தமிழர்தான்.

ஒருநாள் அவர் பலகையில் இரண்டு வரிகள் எழுதினார். ஒன்று, ‘வென் த பஸ் ரீச்ட் புத்தூர்’. மற்றது வெறும் ‘சிட்’. எழுவாயும் வினையும் இருப்பதால் முதலாவது வாக்கியம் என்று டிக் போட்டார். ஒற்றைச் சொல் வாக்கியமாகாது என்று ‘சிட்’டின் மேல் கோடு கிழித்தார்.

நான் எழுந்தேன். “தப்பு சார். பஸ்ஸு புத்தூருக்குப் போனப்போ இன்னா ஆச்சு? அதச் சொல்லாம வாக்கியம் முடியாது. அது வெறும் துணைத்தொடர். ‘சிட்’டுன்னா உட்காருன்னு முழுசா புரியுது. ‘நீ’ன்ற எழுவாய் உள்ளயே இருக்குது.”

பின்வரிசையில் சிரித்தார்கள். அவர் முகம் கடுத்தது. “வீட்ல புள்ளைங்களப் பாத்துக்கினு இருந்துட்டு, இங்க வந்து எனக்கே பாடமா? கெட் அவுட்.”

“அதுவும் முழு வாக்கியந்தான் சார். நல்லா புரியுது. ஆனா நான் போகமாட்டேன்.”

 நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் புத்தகத்தைப் புரட்டி அடுத்த பாடத்தைத் தொடங்கினார். பலகையைத் திருத்தவில்லை. வகுப்பு முடிந்ததும் அவர் கண்ணெதிரிலேயே போய், அந்த டிக்கைக் கையால் அழித்து, ‘சிட்’டுக்குப் பக்கத்தில் போட்டேன். மறுநாளும் முன்வரிசையில்தான் உட்கார்ந்தேன்.