தமிழ்நாடு யாரு?

காந்தா தமிழ்நாட்டுக்காரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெங்களூரில் எல்லோரும் அவளை அப்படித்தான் நினைத்தார்கள். பிறந்து வளர்ந்தது கர்நாடகத்துக் கோலார் தங்கவயல், அப்பா சுரங்கத் தொழிலாளி, வீட்டில் பேசியது மட்டும் தமிழ். நர்சிங் படிக்க வேலூருக்குப் போனாள், அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். அதனால் அவள் பெயர் மெட்ராஸ் நர்சிங் கவுன்சில் பதிவேட்டில் ஏறிவிட்டது. இப்போது மர்பி டவுனில் அண்ணன் எத்திராஜ் வீட்டில் தங்கி, ஒரு சின்ன நர்சிங் ஹோமில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளிமாநிலச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே வேலை பார்க்க முடியாது. கர்நாடகக் கவுன்சில் அதை ஏற்றுக்கொண்டு இங்கத்திய பதிவு நம்பர் ஒன்று தர வேண்டும். நர்சிங் ஹோம் டாக்டரம்மா கெடு வைத்துவிட்டாள்.

"ஜனவரிக்குள்ள நம்பர் வாங்கிடு காந்தா. இல்லன்னா உன்ன வெச்சுக்க முடியாது. மாட்டுனா நானும் சேந்து மாட்டுவேன்."

அது தொண்ணூற்றொன்று டிசம்பர். காவிரித் தண்ணீர் விவகாரத்தில் ஊரே கொதித்துக்கொண்டிருந்த வாரம். அந்த வாரத்தில் எந்தப் புத்திசாலியாவது தமிழ்நாட்டுச் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு கவுன்சில் ஆபீசுக்கு பஸ் ஏறுவானா? இவள் ஏறினாள். "இன்னாத்துக்கு இன்னிக்கே போற? ஊரு அடங்கட்டும்" என்று எத்திராஜ் தலைபாடாக அடித்துக்கொண்டான். கேட்டால்தானே.

பாதி வழியில் பஸ்ஸை மறித்தார்கள். நாலைந்து பேர் தடியோடு ஏறினார்கள்.

"தமிழ் யாரு? தமிழ் யாரு?"

காந்தாவின் மடியில் பை, பைக்குள் தமிழ்நாடு என்று கொட்டை எழுத்தில் போட்ட காகிதம். பையைத் திறக்கச் சொன்னால் தீர்ந்தது கதை. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன் சீட்டுக்காரர் ஒருவர், பாவம், தானாகவே எழுந்து கும்பிட்டார்.

"நானு கோலாரு சார். நம்மோரே சார்."

நான் உங்கள் ஆள்தான் என்கிறார். ஆனால் கன்னடம் அவர் வாயில் தமிழாகத்தான் வந்தது. சட்டையைப் பிடித்து அவரைக் கீழே இழுத்துப் போட்டார்கள். பஸ் கிளம்பியது. காந்தா திரும்பிப் பார்க்கவில்லை. பயம், வேறொன்றுமில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சந்து சந்தாக ஒளிந்து வீடு வந்து சேர்ந்தாள்.

ஊர் அடங்கிய பிறகு எத்திராஜே போய் விண்ணப்பத்தையும் சான்றிதழையும் கொடுத்துவிட்டு வந்தான். ஆனால் நம்பரை வாங்க அவள்தான் போயாக வேண்டும், நேரில் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

ஜனவரிக் கடைசியில் போனாள். ஹால் நிறைய ஆட்கள். குமாஸ்தாவுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமெல்லாம் கிடையாது, மாநிலத்தைச் சொல்லித்தான் கூப்பிட்டார். "கேரளா யாரு?" என்றதும் ஒரு பெண் பையை ஆட்டிக்கொண்டு ஓடினாள். "ஆந்திரா யாரு?" என்றதற்கும் ஒருத்தி போய் வந்தாள்.

"தமிழ்நாடு யாரு?"

காந்தா வாசலைப் பார்த்தாள். அங்கே மூன்று ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். டீ குடித்துக்கொண்டு நின்ற அப்பாவிகள்தான், ஆனால் அவள் கண்ணுக்கு அவர்கள் கையில் டீ கிளாஸ் தெரியவில்லை.

"தமிழ்நாடு யாரு? யாரும் இல்லாந்த்ரே மெட்ராஸ்கே வாபஸ்."

திருப்பி அனுப்பிவிட்டால் வேலை போச்சு. எழுந்திருடி, எழுந்திருடி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். குமாஸ்தா காகிதத்தை ஒதுக்கி வைக்கக் கையை எடுத்த பிறகுதான் எப்படியோ எழுந்தாள்.

"நானு" என்றாள். அவளுக்கே கேட்கவில்லை. மேஜை வரைக்கும் போய் மறுபடியும் சொன்னாள்.

அவர் சான்றிதழின் பின்பக்கம் நம்பரை எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார். சும்மா பேச்சுக்கு, எந்த ஊர் என்று கேட்டார்.

"கோலாரு."

அவர் முகம் மலர்ந்தது. "கோலாரா? மத்தே நம்மோரே."

பேனா அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. நம்மோரே, நம்ம ஆள்தான் என்ற அந்த வார்த்தையை அவள் கடைசியாகக் கேட்டது பஸ்ஸில். அதைச் சொன்னவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட அவளுக்குத் தெரியாது. குமாஸ்தா ஒன்றும் புரியாமல் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

சட்டம் அவளை ஏற்றுக்கொண்டது, வேலையும் தப்பியது. வெளியே மர்பி டவுன் பஸ் காலியாக வந்து நின்றது. காந்தா ஏறவில்லை. கர்நாடக முத்திரை வெளியே தெரிகிற மாதிரி சான்றிதழை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வீடு வரைக்கும் நடந்தே போனாள்.