ஒரே மைக்கில் லண்டன் ரவுடிகள்

டப்பிங் தொழிலில் வாய் வெள்ளைக்காரனுடையது, குரல் நம்மூர்க்காரருடையது, திட்டு வாங்குவது மட்டும் எப்போதும் ஒலிப்பதிவு செய்கிறவள். குரலை வைத்துப் பிழைக்கிற சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும்.

உத்திரமேரூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் என் ஒலிப்பதிவு அறை. பல வருடமாக ஆட்டோவில் கட்டி அலறவிடும் விளம்பரம்தான் பதிவு செய்துகொண்டிருந்தேன். திடீரென்று சென்னைக் கம்பெனி ஒன்று லண்டன் ரவுடிப் படத்தைத் தமிழில் பேசித் தரச் சொன்னது. சல்லிசாக எடுத்த படம். ஒரே கார், ஒரே பார். பழைய தாதாவின் ஏரியாவை இளவட்டம் ஒருத்தன் பிடுங்கப் பார்க்கிறான், அவ்வளவுதான் கதை. ஒழுங்காக முடித்தால் அடுத்தடுத்த படங்களும் எனக்கு. இல்லாவிட்டால் திரும்பவும் ஆடித் தள்ளுபடி.

படியை விட்டு இறங்கு

தாதாவுக்கு மாகறல் கன்னியப்பனைப் பிடித்தேன். ரிட்டயர்டு கண்டக்டர், மைக்கே தேவைப்படாத குரல். முதல் காட்சியில் தாதா ஒருத்தனைக் காரிலிருந்து இழுத்து, இறங்குடா என்று உறுமணும். இவர் கண்ணை மூடிக்கொண்டு, மாகறல்லாம் எறங்கு, படிய விட்டு எறங்கு என்றார். ஏழு டேக். ஏழிலும் அந்த லண்டன்காரன் மாகறலில்தான் இறங்கினான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "வாயி அதுவா ஓடுது, இன்னாம்மா பண்றது? நீ அவன மாகறல்லயே எறக்கி வுட்டுடேன்."

'வ'வில் தொடங்கும் வசவுகள்

அந்த ஊர் ரவுடிகளுக்கு மூச்சுக்கு மூச்சு ஒரே கெட்ட வார்த்தை. கம்பெனியோ, குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி இருக்கணும் என்றது. அந்த வார்த்தையைச் சொல்லும்போது மேல்பல் கீழுதட்டைத் தொடும். தமிழில் அப்படித் தொடுவது 'வ' ஒன்றுதான். ஆகவே வெங்காயம், வீணாப்போனவனே, வெளங்காதவனே. இளவட்ட ரவுடிக்குக் குரல் கன்னியப்பனின் மகன் டில்லிபாபு. மற்றதெல்லாம் சுமார், வெளங்காதவனே மட்டும் அடிவயிற்றிலிருந்து வந்தது. எங்கேப்பா கத்துக்கிட்ட என்று கேட்டேன்.

விஷயம் இதுதான். அப்பாவும் மகனும் பேசி எட்டு மாதம் ஆகிறது. நெல் விளைந்த அரைக்காணி நிலத்தில் டில்லி டிராகன் பழம் போட்டுவிட்டான். கன்னியப்பனுக்கு அது பழமே இல்லை, கள்ளி. சோறு போட்ட மண்ணில் பிள்ளை முள் நட்டுவிட்டான். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரு வார்த்தை கிடையாது. நானும் வம்பே வேண்டாமென்று காலையில் அப்பா, சாயங்காலம் மகன் என்று வரவழைத்தேன். டில்லி ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னான்: "இதக் கத்துக்க இன்னாக்கா கீது? எட்டு மாசத்துக்கு முன்ன வரைக்கும் நைனா என்ன கூப்ட்ட பேரே அதான்."

கீழ்க்கடை

நாள் முழுக்க மாடியிலிருந்து வெளங்காதவனே மழை. நான்காம் நாள் மருந்துக்கடை பாய் படியேறி வந்தார். சர்க்கரை மாத்திரைக்கு வந்த பெரியவர் ஒருத்தர் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டாராம். மன்னிப்புக் கேட்டேன், இன்னும் நூறு தடவையாவது சொல்ல வேண்டியிருக்கிறது என்பதையும் சொன்னேன். பாயே ஒரு வழி சொன்னார்: "வர்றவங்களே பேஜார்ல வர்றாங்கம்மா. காலையில கூட்டம் இருக்கறப்ப மட்டும் புகழ்ற சீனா எடுத்துக்கயேன்."

கடைசி சீன்

கடைசிக் காட்சியில் இரண்டு ரவுடிகளும் ஒருத்தன் பேச்சை ஒருத்தன் வெட்டிக்கொண்டே பேசுகிறார்கள். தனித்தனியாக எடுத்து ஒட்டி அனுப்பினேன். ஆளுக்கொரு ஊரில் நின்று சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது என்று கம்பெனி திருப்பி அனுப்பிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாக வரவில்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம். என்னிடம் இருப்பதோ ஒரே மைக். இரண்டு பேரையும் அதன் முன்னால் தோளோடு தோள் நிறுத்தினேன். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. கொஞ்சம் ஒத்திக்கச் சொல்லு என்பதைக்கூட என்னிடம்தான் சொன்னார்கள்.

திரையில் தாதா குண்டடி பட்டுக் கிடக்கிறான். இளவட்டம் துப்பாக்கியை நீட்டி, ஏரியா என்னுது, நீ செத்துப்போ என்று சொல்லணும். டில்லி ஏரியா வரைக்கும் வந்தான். அதோடு நின்றுவிட்டான். மூன்று முறை ஓட்டினேன். வேற இன்னா வேணா சொல்றேன்கா, இது வாயில வரல என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கு எரிச்சலும் பாவமும் சேர்ந்து வந்தன. வசனத்தை மாற்றவும் வழியில்லை, அந்தப் படுபாவியின் உதடு அப்படித்தான் அசைகிறது.

கன்னியப்பன் திரையை விட்டு மகன் பக்கம் திரும்பினார். எட்டு மாதத்தில் முதல் பேச்சு அதுதான்: "சும்மா சொல்றா நைனா. நான் இங்கதான கீறேன்."

அடுத்த டேக்கில் டில்லி சொல்லிவிட்டான், கம்பெனியும் வாங்கிக்கொண்டது. இப்போது வந்திருப்பது அண்ணன் தம்பி பங்குக்காகச் சுட்டுக்கொள்கிற படம், அதற்குக் குரல் தேடி நான் உத்திரமேரூர் தாலுகாவைத் தாண்ட வேண்டியிருக்காது.