தாய்வீடு போன ஒட்டகம்

முத்லக்கின் சினை ஒட்டகம் ஒருநாள் விடியலில் எல்லை மண்மேட்டைத் தாண்டி சவூதிப் பக்கம் போய்விட்டது. பிறந்த இடம் தேடிப் போய்த்தான் அது ஈனும். கல்யாணத்தின்போது அதை அவன் மனைவி வத்ஹாவுக்குச் சீராகக் கொடுத்தவள் அந்தப் பக்கத்துச் சின்னம்மா ஷூமா. தாய்க்குப் பால் வற்றியபோது வத்ஹாவுக்குத் தன் பாலைக் கொடுத்து வளர்த்தவள். தேடிப்போன முத்லக்கை எல்லைக்காவலர்கள் பிடித்து அடைத்துவிட்டார்கள்.

ஜோர்டான் அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி கூடாரத்துக்கே வந்தார்.

"உங்க வீட்டுக்காரர் எதுக்கும்மா எல்லை தாண்டினாரு?"

"பிரசவத்துக்குத் தாய்வீடு போனவளைக் கூட்டிட்டு வரத்தாங்கய்யா."

"யாருக்குப் பிரசவம்?"

"ஒட்டகத்துக்குத்தான்."

மாமனார் ஃபுஹைத் காப்பி ஊற்றியபடி சிரித்தார். "பட்டணத்து ஆளும்மா. ஒட்டகத்தைப் படத்துலதான் பார்த்திருப்பாரு."

"அங்கே சொந்தக்காரங்க யாராவது?"

வத்ஹாவுக்கு முகம் மலர்ந்தது. ஆள்பலம் இருந்தால் விட்டுவிடுவார்கள் அல்லவா? ஷூமா, அவள் மகன் நாயிஃப், அவன் மாமன்மார் என்று ஒருவரும் விடுபடாமல் சொன்னாள். அதிகாரி முகம் கறுத்தது.

"ஐயோ, இதைச் சொல்லிடாதீங்க. சொந்தம் இருக்குன்னா சரக்கு கடத்தினாருன்னு நினைப்பாங்க. வழிதவறிட்டாரு, அங்கே யாருமில்லைன்னு சொன்னாத்தான் எங்களால பேசி மீட்க முடியும். தூதரகத்துலேர்ந்து கூப்பிட்டுக் கேப்பாங்க."

"உயிரோட இருக்கிறவளை இல்லைங்கிறதா? நல்லா இருக்கே உங்க அரசாங்கம்!" என்றார் ஃபுஹைத்.

"மகன் வேணுமா வேண்டாமா பெரியவரே?"

ஃபுஹைத் காப்பிக் குவளையைக் கீழே வைத்தார். வத்ஹாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சொந்தம் எப்படிக் குற்றமாகும்? தொலைபேசி வந்தது. கேட்டார்கள்.

"யாருமில்லைங்க" என்றாள். சொன்ன வாய் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

சில வாரங்கள் கழித்து, அதே அதிகாரியின் வண்டியில் முத்லக் வந்து இறங்கினான். கையில் ஒரு துணிமூட்டை.

"யாரு குடுத்தா?"

"நாயிஃப்தான். விடுதலையாகி வரும்போது வாசல்ல நின்னான். இவனைத் தெரியுமான்னு காவலர் அவன்கிட்ட கேட்டாரு. 'யாரோ எவனோ, பசியா இருக்கான் போல'ன்னு சொல்லிட்டு இதைக் கையில திணிச்சான். ஒண்ணும் புரியல வத்ஹா. அவனுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

மூட்டையை அவிழ்த்தாள். ஷூமா பிடித்த உலர்ந்த தயிர்க்கட்டிகள். விரல் தடம்கூட அவளுடையது. நடுவே, முடிச்சுப் போட்ட ஒரு கொத்து ரோமம், பிறந்த குட்டியின் ரோமம், பஞ்சுபோல.

"ஈன்னுடுச்சு" என்றாள்.

நாயிஃப் ஏன் அப்படிச் சொன்னான் என்று அவளுக்குப் புரிந்ததுபோலவும் இருந்தது, புரியாததுபோலவும் இருந்தது. தான் சொன்னதைப் புருஷனிடம் எப்படிச் சொல்வது? தயிர்க்கட்டி ஒன்றை எடுத்தவள், வாயில் போடலாமா கூடாதா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.