ரோட்டுக்கு ஒரு ரொட்டி

ரொட்டிக்காரன் பயூமி தினம் காலையில் ஒரு ரொட்டியை நடுரோட்டில் வீசுகிறானாம். கெய்ரோவின் கிழக்கோரத்துத் தெருவில் இதே பேச்சு. கீழே கிடக்கும் ரொட்டியை எடுத்து, முத்தமிட்டு, மிதிபடாத இடமாகப் பார்த்து வைக்கிற ஊர் அது. திருட்டைக்கூட மன்னித்துவிடுவார்கள், ரொட்டியை வீசுவதை மன்னிக்க மாட்டார்கள்.

"உம் புருஷனை ஜின்னு புடிச்சிருக்குடி," என்றாள் பக்கத்து வீட்டு உம்மு வஹீத்.

"எங்க வீட்ல எங்களுக்கே இடமில்லக்கா, அது எங்க வந்து தங்கும்?" என்றாள் நஜாத். ஆனாலும் விடிந்ததும் நேரில் பார்க்கக் கிளம்பினாள்.

பயூமிக்குப் பதினேழு வருஷமாக இதே பிழைப்பு. தலையில் ஈச்ச மட்டைத் தட்டி, அதில் இருநூறு ரொட்டி. ஒரு கை தட்டிக்கு, ஒரு கை சைக்கிளுக்கு. தலையைத் திருப்ப முடியாது. ரோடு குறுகலாக இருந்தவரை வண்டிகள் தயங்கித்தான் போயின. பிறகு அகலப்படுத்தினார்கள். மரம் போயிற்று, சிக்னல் போயிற்று. கார் திரும்ப இரண்டு கிலோமீட்டர் தள்ளி இடம் விட்டார்கள். மனிதன் கடக்க விடவில்லை. ஆறரைக்குள் எதிர்ப்பக்கத்து மொச்சைக் கடைக்கு ரொட்டி போகாவிட்டால் பயூமிக்கு வேலை இல்லை.

நஜாத் பார்த்தாள். காலை ஊன்றி நின்று, வருகிற இரைச்சலைக் காதால் அளந்து, பயூமி ஒரு ரொட்டியை வீசினான். முதல் கார் கிறீச்சிட்டது. பின்னாலேயே பக்கத்து வரிசைகளும். டிரைவர்கள் இறங்கி ரொட்டியை எடுக்க ஓடினார்கள். பயூமி கடந்தான்; அந்த இடைவெளியில் நஜாத்தும் கடந்துவிட்டாள்.

"பாவமில்லையா இது?"

"பாவந்தான். போன மாசம் கார்ல வந்த ஒருத்தன் முழங்கைல தட்டிட்டான். நான் விழுந்ததுக்கு எவனும் நிக்கல. தலைமேல இருந்த தட்டி சாஞ்சு ரொட்டி சிதறுச்சு பாரு, அப்ப மொத்த ரோடும் நின்னுச்சு."

"முதலாளி காதுக்குப் போனா?"

"போயிடுச்சு. வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காரு."

"அப்ப விட்டுடேன்."

"விட்டுட்டு எப்படி இந்தப் பக்கம் வர்றது, நீயே சொல்லு." அவன் தலைத் தட்டியைச் சரிசெய்துகொண்டான். "இன்னிக்குக் கடைசி வரிசையில வந்த வேன் நிக்கல. நீ கவனிக்கல."

அவள் கவனித்திருந்தாள். பேச்சை மாற்றினாள். "அன்னிக்குத் தட்டினவன் என்ன சொன்னான்?"

"ஒரு ரொட்டியை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டான். வண்டியை ஓரமா நிறுத்திட்டு வந்து தர்றேன்னான்."

அந்த ரோட்டில் நிறுத்த ஓரம் கிடையாது. ரொட்டி இன்னும் வந்து சேரவில்லை.