மஞ்சள் வேன் நிற்கவே இல்லை

எங்கள் தொழிலில் எதுவும் நகர்வதில்லை. நகர்கிற மாதிரி நொடிக்கு அறுபது தடவை வரைந்து காட்டுகிறோம், அவ்வளவுதான். ஒரே கோடிங் ஐஃபோனிலும் ஆண்ட்ராய்டிலும் ஓடும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு இரண்டிலும் உதை வாங்குகிற சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மும்பை தாராவியில் ஓர் அண்ணாச்சி, சொந்தமாக ஆறு ஸ்கூல் வேன்கள் வைத்திருக்கிறார். வேன் எங்கே வருகிறது என்று பெற்றோர் பார்க்க ஓர் ஆப் கேட்டார். செய்து கொடுத்தவன் நான். என் மகள் மீனு மாட்டுங்கா ஸ்கூலிலிருந்து செம்பூர் வீட்டுக்கு வருவதும் அந்த ஆறில் ஒன்றில்தான்.

தவளை

டிரைவரின் ஃபோன் பத்து நொடிக்கு ஒருமுறைதான் தான் இருக்கும் இடத்தைச் சொல்லும். அதனால் மேப்பில் வேன் சும்மா நிற்கும், திடீரென்று அடுத்த இடத்துக்குத் தாவும், மறுபடி நிற்கும். தொழில்நுட்பப்படி அதுதான் உண்மை. ஆனால் உண்மையை யார் கேட்டார்கள்? அண்ணாச்சி எங்கள் ஆபீஸுக்கே வந்து ஃபோனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"என்னவே தம்பி, இது வேனா, தவளையா? நிக்காம வழுக்கிட்டுப் போணும், பாக்குறவங்களுக்கு ஒரு நிம்மதி வேண்டாமா?"

கதவு

நிம்மதிதானே, வரைந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ரெடிமேட் படம் எதுவும் வேண்டாம் என்று வேனைக் கோடு கோடாக நானே வரைந்தேன். மஞ்சள் நிறத்தை மீனு தேர்ந்தெடுத்தாள். சக்கரம் சுற்றும், வளைவில் லேசாகச் சாயும், வீட்டு வாசல் வந்ததும் கதவு திறந்து ஒரு துள்ளுத் துள்ளும். அந்தத் துள்ளலுக்கு மட்டும் மூன்று நாள் ஆயிற்று. ஐஃபோனில் வெண்ணெய் மாதிரி ஓடியது. மட்டமான ஆண்ட்ராய்டுகளில் போட்டுப் பார்ப்பது செல்வியின் வேலை. தாராவிப் பெண், முகஸ்துதி என்றால் என்னவென்றே தெரியாதவள்.

"கதவு சூப்பர் பாஸ். ஆனா அது தொறக்குறதுக்குள்ள ஃபோன் கொதிக்குது. கொஞ்சம் பேட்டரியை மிச்சம் வைங்க, அம்மாங்க டிரைவருக்கு ஃபோன் பண்ண வேணும்ல!"

தண்டவாளம்

இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோட்டில் ஓட்டியதால், வேன் கட்டடத்துக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. மாட்டுங்கா மாமி ஒருத்தி ஃபோன் செய்து, "சார், எங்காத்துப் பிள்ளை போற வேன் ஹார்பர் லைன் தண்டவாளத்துல ஓடறதே, டிக்கெட் வாங்கியாச்சோ?" என்று கேட்டாள். மானம் போயிற்று. ரோட்டை ஒட்டியே போகும்படி மாற்றினேன். அத்தோடு நின்றிருக்கலாம். என் கை சும்மா இருக்குமா? டிரைவர் ஃபோனின் சிக்னல் விட்டுப்போனாலும், வேன் வழக்கமான வேகத்தில் வழக்கமான ரோட்டில் போய்க்கொண்டே இருக்கட்டும் என்று எழுதிவிட்டேன். சிக்னல் எப்படியும் ஒரு நிமிஷத்தில் வந்துவிடும் என்ற தைரியம். அதற்கு அண்ணாச்சி கைகுலுக்கினார். செல்வி மட்டும் முகத்தைச் சுளித்தாள்.

"அரே, சிக்னல் இல்லைன்னா வண்டி நிக்கட்டுமே பாஸ்! தெரியலைன்னு சொல்றதுல என்ன கேவலம்?"

கேட்

ஜூலையில் ஒரு மதியம், மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. ஸ்கூலைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். நான் முலுண்டில் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். என் மனைவி காயத்ரி செம்பூரிலிருந்து கூப்பிட்டாள். டிரைவர் ஃபோனை எடுக்கவில்லை, பயமாக இருக்கிறது என்றாள். ஆப்பைத் திறந்தேன். மஞ்சள் வேன் சயானைத் தாண்டி, சக்கரம் சுழல, சமர்த்தாக வந்துகொண்டிருந்தது. "பத்து நிமிஷத்துல வந்துடும், கீழே போய் நில்லு" என்றேன்.

பத்தாவது நிமிஷம் வேன் எங்கள் வாசலில் நின்றது. கதவு திறந்து துள்ளியது. அப்பாடா என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். கேளுங்கள் இந்தக் கூத்தை: அந்தப் பொய்யை எழுதியவன் நான், அதை முதலில் நம்பியவனும் நானே! இன்னும் இருபது நிமிஷம் கழித்து மறுபடி காயத்ரி கூப்பிட்டபோது, "வேன் நம்ம கேட்லதான் நிக்கறது, நன்னாப் பாரு" என்று எரிந்துகூட விழுந்தேன்.

"கேட்ல நான்தான் நிக்கறேன். இங்க வேனும் இல்ல, குழந்தையும் இல்ல."

கிங்ஸ் சர்க்கிள்

டிரைவரின் ஃபோன் தண்ணீரில் விழுந்து செத்திருந்தது. வேன் ஸ்கூலுக்குப் பக்கத்திலேயே, கிங்ஸ் சர்க்கிளில், படிக்கட்டு முங்கும் வெள்ளத்தில் நின்றிருந்தது. சயான் பக்கமே அது வரவில்லை. அரை மணி நேரம் என் பேச்சைக் கேட்டு நிம்மதியாக நின்றாளே காயத்ரி, அந்த அரை மணியில் அவள் யாரையாவது விசாரித்திருக்கலாம். அண்ணாச்சிதான் வேனைத் தேடிக்கொண்டு தாராவியிலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போய், பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தோளில் தூக்கி ஒரு துணிக்கடையில் சேர்த்திருக்கிறார். ரயில் நின்றுவிட்டதால் நான் குர்லாவிலிருந்து நடந்து வீடு சேர்ந்தபோது, மீனுவை விட்டுவிட்டு அவர் சேறு சொட்டச் சொட்ட வாசலில் நின்றிருந்தார். "நிக்காம ஓடச் சொன்னது நாந்தான் தம்பி. எனக்கு இதுல என்ன தெரியும், கேட்டேன். உங்களுக்குத் தெரியும்லா? நீங்க ஏன் செஞ்சீய?" என்றார். கூனிக் குறுகிப் போனேன்.

மீனு தலையைத் துவட்டிக்கொண்டே அம்மாவின் ஃபோனைப் பார்த்தாள். அதில் வேன் இன்னும் எங்கள் வாசலில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது.

"அப்பா, நாங்கள்லாம் தண்ணிக்குள்ள இருந்தோமே, அப்போ இந்த வேன்ல யார் வந்தா?"

சாம்பல்

இப்போது சிக்னல் போனால் வேன் சாம்பல் நிறமாகி அங்கேயே நின்றுவிடும். சக்கரம் சுற்றாது. கீழே, 'எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை' என்று வரும். மாட்டுங்கா மாமிக்கு இதில் மகா வருத்தம். முன்பெல்லாம் எவ்வளவு அழகாக ஓடிற்று, கெடுத்துவிட்டீர்களே என்கிறாள். காயத்ரி அந்த ஆப்பைத் திறப்பதே இல்லை. அந்த வெள்ளத்துக்குப் பிறகு வேனில் கூட வரும் ஆயா மௌசிக்கு ஃபோன் செய்து, மீனுவின் குரலைக் கேட்டால்தான் அவளுக்குச் சமாதானம். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. போன வாரம் ரயிலிலிருந்து அவளிடம், குர்லா தாண்டியாச்சு, வந்துண்டே இருக்கேன் என்று சொன்னேன்.

"நிஜமாவே தாண்டியாச்சா, இல்ல வரைஞ்சு காட்டறேளா?"

நொடிக்கு அறுபது தடவை வரையத் தெரிந்த கைக்கு, 'தெரியவில்லை' என்று ஒரே ஒரு தடவை எழுத ஒரு மழைக்காலமே தேவைப்பட்டது.