மூன்று தீவுகளும் ஒரு வீட்டு உதவியாளும்

வீட்டு உதவியாள் வேலை என்பது, விடியும்போதே அடுத்தவருடைய காலில் இறுக்கக் காலுறையை இழுத்து மாட்டுவதில் தொடங்குகிற வேலை. ஏழு மணிக்குக் கொம்யூனின், அதாவது நகரசபையின், சின்னக் காரில் ஏறினால் மத்தியானத்துக்குள் பத்து வீடு. குளிக்க வார்க்க வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும், பாணுக்கு பட்டர் பூச வேண்டும், நடுவில் அவர்களுடைய பூனைக்கும் சாப்பாடு வைக்க வேண்டும். நாங்கள் போய்ப் பார்க்கிற வயதானவர்களை நோயாளி என்று சொல்லக்கூடாது. 'போர்கர்', அதாவது குடிமக்கள் என்றுதான் சொல்லவேண்டும். ரண்டர்சில் இந்த வேலைக்கு வந்து எனக்கு இருபத்திரண்டு வருசம். இதே வேலையில் முதுகு நொந்த சகோதரிகள் டென்மார்க் முழுக்க இருக்கிறீர்கள். நாங்கள் லீவில் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், மனம் ஆறும்.

இங்கேயும் கடல்தானே

மாசி மாதத்தில் பதினாறு நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேன். நானும் இவரும் மட்டும் தாய்லாந்துக்கு. பிள்ளைகள் மூன்று பேரும் சேர்ந்து ரிக்கற் எடுத்துத் தந்தார்கள். மூன்று தீவு, ஒவ்வொன்றிலும் நாலைந்து நாள், ஒரு அவசரமும் இல்லை. எங்களுக்குக் கலியாணமாகி முப்பத்தைந்து வருசத்தில் ஞானஸ்நானம், கலியாணவீடு, செத்தவீடு இல்லாமல் நாங்கள் போகிற முதல் பயணம் இதுதான்.

என் போர்கர்களில் மூத்தவ இங்கர், தொண்ணூற்றொரு வயது. எண்பது வயது வரைக்கும் மார்கழியிலும் கடலில் இறங்கிக் குளித்த மனுசி. அவவுக்குக் காலுறையை மாட்டிவிட்டுக்கொண்டே நான் விசயத்தைச் சொன்னேன். எதற்காக அவ்வளவு தூரம் என்று கேட்டா. கடல் பார்க்க என்றேன். சன்னல் பக்கம் திரும்பி, வெளியே கொட்டுகிற பனியை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னா:

"கடல் இங்கேயும் இருக்குதே. குளிர் என்றால் கெதியாய் ஏறி வரவேணும், அவ்வளவுதான்."

பெட்டிக்குள் றப்பர் பாய்

போன வருசம் வைகாசியில் இவருக்கு மாரடைப்பு வந்தது. இருபத்தேழு வருசம் இறைச்சி ஃபக்டரியில் நின்ற மனுசன், பென்சன் எடுத்து இரண்டு மாதத்தில் குசினி நிலத்தில் இருந்துவிட்டார். ஸ்டென்ட் வைத்து மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாதாவின் காவல் என்றுதான் சொல்வேன். கடைசியாகப் பார்த்தபோது டொக்டர், நடக்கலாம், நீந்தலாம், பிளேன் ஏறலாம், ஒரு தடையும் இல்லை என்று சொன்னார். அது இவருக்குக் கேட்டது. எனக்குக் கேட்கவில்லை.

பயணத்துக்கு முதல்நாள் கோல்டிங்கிலிருந்து மகள் வந்தாள். பெட்டி மூட வரவில்லை என்று திறந்து பார்த்தாள். பிரஷர் மெசின், ஒரு பெட்டி நிறையக் கையுறை, காய்ச்சல் பார்க்கிற கருவி, குளியலறையில் வழுக்காமல் விரிக்கிற றப்பர் பாய். "அம்மா, இதென்ன ஆஸ்பத்திரியா?" என்று டெனிஷில் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. பாயைச் சுருட்டிக் கதிரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இஞ்சாரும், பதினாறு நாள். என்ர மனுசியா வாறதெண்டால் வாரும். உதவியாளா வாறதெண்டால் நான் தனியப் போறன்."

நீங்கள் எந்தக் கொம்யூன்?

முதலாம் தீவு லந்தா. நீளமான மணற்கரை, வெதுவெதுப்பான தண்ணீர், திரும்பின பக்கமெல்லாம் டெனிஷ் கதை. இரண்டு நாள் நான் நல்ல பிள்ளையாக இருந்தேன். மூன்றாம் நாள் இவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். ஒரு அலை வந்து நெஞ்சில் அடித்தது. என்னை அறியாமல் வாயில் டெனிஷ் வந்துவிட்டது, அதுவும் வேலை டெனிஷ். உங்களுக்குத் தெரியும், எல்லாவற்றுக்கும் 'நாங்கள்' போடுகிற டெனிஷ். "இப்ப நாங்கள் மெதுவாய்க் கரைக்கு வருவோம்! இப்ப நாங்கள் தொப்பியைப் போடுவோம்! இப்ப நாங்கள் ஒரு வாய் தண்ணி குடிப்போம்!"

பாவம், மனுசன் வந்தார். துவாயை எடுத்துத் துடைத்துவிட்டேன், கால்விரல் இடுக்கு ஒன்றும் விடாமல். பக்கத்துச் சாய்கதிரையில் இருந்த டெனிஷ் பெண் வாசித்த புத்தகத்தை மூடிவிட்டு, மிகவும் மரியாதையாக இவரிடம் கேட்டா:

"குறை நினைக்காதீர்கள், நீங்கள் எந்தக் கொம்யூன்? எங்கள் கொம்யூன் லீவுக்கெல்லாம் கூடவே ஒரு உதவியாளை அனுப்பாது."

ஏணியில் ஏறினவர்

அந்தப் பெண் நல்லவ. நான் பெண்சாதி என்று சொன்னதும் முகம் சிவந்து, பத்துத் தரம் மன்னிப்புக் கேட்டு, அன்னாசிப்பழம் வாங்கித் தந்தா. அவவில் பிழை இல்லை. ஆனால் இவர் அன்று பின்னேரம் முழுக்கக் கதைக்கவில்லை. அன்னாசியும் சாப்பிடவில்லை. நான் செபமாலை சொன்னபோது மட்டும் கூட இருந்து மறுமொழி சொன்னார். அது பழக்கம்.

இரண்டாம் தீவுக்கு மரப்படகு. முழங்காலளவு தண்ணீரில் நடந்துபோய்ச் சின்ன ஏணியில் ஏறவேண்டும். எனக்கு முன்னால் ஒரு பெரிய டெனிஷ்காரர், முழங்கால் மடங்காது. படகோட்டி அவரைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கப் பார்த்தார். சகோதரிகளே, கக்கத்தில் பிடித்துத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க உங்களால் முடியுமா? "நில், நில்" என்று போய், எந்தக் காலை முதலில் வைப்பது, எங்கே பாரத்தைக் கொடுப்பது என்று காட்டினேன். மனுசன் பூப்போல ஏறி இருந்தார். படகில் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமைதான், ஆண்டவர் மன்னிக்கட்டும்.

பெருமை முடிந்து திரும்பினால், இவர் படகின் முன்பக்கத்தில் இருக்கிறார். இரண்டு பையும் தோளில். காற்சட்டை கூட அவ்வளவு நனையவில்லை. எப்போது ஏறினீர்கள் என்று கேட்டேன். கடலைப் பார்த்தபடி சொன்னார்:

"வடிவாத்தான் ஏறினன். நீர்தான் காணேல்லை."

கிர்ஸ்டனுக்கு ஒரு ரெலிபோன்

இரண்டாம் தீவில் எங்கள் குடிலுக்கு முன்னாலேயே கடல். நண்டு ஓடுகிற சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி. அந்த அமைதிக்குள் நாங்கள் இரண்டு பேரும் வாடகைக்கு வந்த இரண்டு ஆட்கள் போல இருந்தோம். இரண்டாம் நாள் காலை கண்விழித்தால் இவர் கட்டிலில் இல்லை. செருப்பும் இல்லை. கடற்கரை ஓரமாக "மாதாவே, மாதாவே" என்று மறுகோடி வரைக்கும் ஓடினேன். கடைசிக் கடையில் சாரத்தோடு இருந்து முட்டைப்பொரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அழுதேன். ஏசினேன். உப்பு ஏன் போட்டீர்கள் என்றும் கேட்டேன்.

இவர் கரண்டியை வைத்தார். சத்தம் போடாமல்தான் சொன்னார். "நீர் என்னைப் போன வைகாசியே அடக்கம் செய்துபோட்டீர். பூ வைக்கிறதுதான் மிச்சம். வீட்டை போவம், நாளைக்கே ரிக்கற்றை மாத்துவம்." முப்பத்தைந்து வருசத்தில் நான் சமைத்ததை, பேசினதை, பிந்தி வந்ததை எல்லாம் பொறுத்த மனுசன். என்னோடு வந்த இடத்தில் வீட்டை போவம் என்று இவர் சொன்னது அதுதான் முதல்தரம். இப்படியே திரும்பிப் போனால் வீட்டிலும் நாங்கள் இப்படித்தான் இருப்போம் என்று எனக்கு விளங்கிவிட்டது.

யாருக்குச் சொல்வது? பிள்ளைகளுக்குச் சொன்னால் பயப்படுவார்கள். பின்னேரம் ரண்டர்சில் என்னோடு ஒரே குழுவில் வேலை செய்கிற கிர்ஸ்டனுக்கு ரெலிபோன் எடுத்தேன். அங்கே அவவுக்கு வேலை இடைவேளை. நான் அழுது முடியும் வரைக்கும் பாண் சப்பிக்கொண்டே கேட்டா. பிறகு கேட்டா, இங்கர் தன் சட்டைப் பொத்தானைத் தானே பூட்டும்போது நீ என்ன செய்வாய் என்று. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன் என்றேன். எங்களுக்குச் சொல்லித் தந்த முறை அதுதானே. முடிந்ததை அவர்களே செய்யவேண்டும், எவ்வளவு நேரமானாலும் நாங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பொறுக்கவேண்டும்.

"அப்போ உன் மனுசனுக்கு மட்டும் ஏன் அந்த உரிமை இல்லை? அவரும் இந்த நாட்டுப் போர்கர்தான்."

குகை வாசலில்

நான் போய் இவரிடம், ரிக்கற்றை மாத்தவேண்டாம், இன்னும் ஒரு தீவு இருக்குது, நீங்கள் சொல்லுகிறபடி என்று சொன்னேன். இவர் என்னை நம்பவில்லை. ஆனாலும் வந்தார். மூன்றாம் தீவில் மலைக்கு அடியில் ஒரு குகை. படகிலிருந்து குதித்து, இருட்டுக்குள்ளால் நீந்திப் போனால் மறுபக்கத்தில் சுற்றிவர மலை, நடுவில் சின்னக் கடற்கரை என்று படகோட்டி சொன்னார். இவர் கடற்கரையில் பிறந்தவர், நீந்துவார். எனக்கு நீந்தவே தெரியாது. இவர் மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். "போய்ட்டு வாங்கோ" என்றேன்.

படகோட்டி லைற்றோடு முன்னால் போக, இவரும் இன்னும் நாலு பேரும் இருட்டுக்குள் போய் மறைந்தார்கள். என்னோடு படகில் இருந்தது ஆட்களுடைய செருப்புகள் மட்டும். விரல்களில் அருள்நிறை மந்திரம் எண்ணினேன், கை பின்னால் கட்டினபடியே. ஐந்து பத்தும் சொல்லி ஒரு செபமாலை முடிந்தது. திரும்பத் தொடங்கினேன். இரண்டு தரம் எழும்பிக் குகைக்குள் கூப்பிடப் போனேன். இரண்டு தரமும் இருந்துவிட்டேன். அந்த அரை மணித்தியாலத்தில் நான் ஆண்டவரிடம் கேட்டதை எழுத வெட்கமாக இருக்கிறது, இவரைத் தா என்றுகூட இல்லை, என்னைக் கத்தவிடாதே என்று.

கடைசியாக இவருடைய தலை வெளியே வந்தது. மூச்சு வாங்கினது. முகம் முழுக்கச் சிரிப்பு. ஏணியில் தானே ஏறி, எனக்குப் பக்கத்தில் சொட்டச் சொட்ட இருந்தார். அங்கே தண்ணீர் பச்சை என்றார், மலை மேலே வானம் ஒரு தட்டளவு தெரிந்தது என்றார். நான் நெஞ்சு நோகுதோ என்று கேட்கவில்லை. துவாயையும் எடுக்கவில்லை. இவரே தன் இடது கையை எடுத்து என் மடியில் வைத்தார்.

"இந்தாரும், நாடியைப் பாரும். பாக்காட்டில் உமக்கு நித்திரை வராது."

பிடித்தேன். மணிக்கட்டு குளிர்ந்து, உப்பாக, உயிரோடு இருந்தது. படகு வெளிக்கிட்டது. தீவு பின்னால் போனது. நான் கையை விடவில்லை.

"எண்ணுறீரோ, சும்மா பிடிச்சுக்கொண்டு இருக்கிறீரோ?"

"எண்ணிக்கை பிழைச்சுப் போச்சு."

"அப்ப முதல்லை இருந்து எண்ணும்."

முழுக்கத் திருந்திவிட்டேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான் சகோதரிகளே, ஆனால் இப்போது செவ்வாய்க்கிழமைகளில் இவர் ரண்டர்ஸ் நீச்சல் தடாகத்துக்குத் தனியாகத்தான் போகிறார், எனக்கும் சரியாக அதே நேரத்தில் எதிர்ப்பக்கக் கடையில் உருளைக்கிழங்கு வாங்கவேண்டி வந்துவிடுகிறது.